கைப்பிடி

முதலில் அதன் கைப்பிடியைத் தேடினேன்.
கதவு, சீலா மீனின் விலாபோல
வழுவழுவென்று இருந்தது.
மதுரை ஷோரூம் பையன் சிரித்தான்:
"கிட்ட வாங்கண்ணே, அதுவா வெளிய வரும்."
வந்தது.
சாவி வைத்திருப்பவனுக்கு மட்டும்
நீளுகிற கை.

பழைய வண்டி எட்டு வருஷம்.
முன்னால் வெள்ளிக் கம்பிகள் நேராக நிற்கும்,
நிக்காஹ் வீட்டு வாசலில் வரவேற்கிற ஆள் மாதிரி.
இதற்கு வாய் காதுவரை போகிறது,
கண் சிறுத்துவிட்டது.
"கோபமாப் பாக்குற மாதிரி இருக்கே காக்கா"
என்றேன்.
மஃரூப் காக்கா பின்னாலிருந்து சொன்னார்:
"கோபமில்ல இன்னாசி.
இப்ப எல்லா வண்டிக்கும் இதான் மூஞ்சி."

பட்டன் ஒன்றுகூட இல்லை.
ஏசியைக் குறைக்கக் கண்ணாடிப் பலகையில்
மூன்று அறை தாண்டி உள்ளே போக வேண்டும்.
பழையதில் ஒரு திருகு இருந்தது,
விரலுக்கே வழி தெரியும்.
மாதா படம் ஒட்டியிருந்த இடத்தில் இப்போது
முகம் தெரியும் கறுப்பு.
ஒட்டக்கூடாதாம்.
மாதா என் சட்டைப்பையில் இருக்கிறாள்,
சாவியோடு உரசிக்கொண்டு.

பரமக்குடி தாண்டியதும்
காக்கா தூங்கிவிட்டார்.
இன்ஜின் ஓடுகிறதா என்று
இரண்டு தரம் குனிந்து கேட்டேன்.
திருப்புல்லாணிக்கு அப்புறம்
சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் முள்ளை நீட்ட
வண்டி கத்தத் தொடங்கியது,
இடம், வலம், மறுபடி இடம்.
அதற்கு முள்ளும் ஒன்று, மனுஷனும் ஒன்று.
ஒரு வெள்ளாடு குறுக்கே வந்தது.
நின்றது வண்டிதான்.
என் கால் பிரேக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது
ஆடு அந்தப் பக்கம் போயிருந்தது.
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கீழக்கரைத் தெரு முனை.
பழையதைவிட நாலு விரல் நீளம் இது.
காதை மடக்கிக்கொண்டு நுழைந்தோம்.
திரையில் எங்களை மேலே இருந்து காட்டியது,
காக்கை பார்ப்பதுபோல:
வெள்ளையாக ஒரு சோப்புக்கட்டி,
இரண்டு பக்கமும் சுண்ணாம்புச் சுவர்,
சுவரில் ஒரு சாம்பல் கீறல்.
அது எனக்குத் தெரிந்த கீறல்.
இரண்டாவது வருஷம், ஒரு பெருமழை அன்று
பழைய வண்டி போட்டது.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

வீடே வெளியே வந்தது.
ரிஸ்வானா பின் ஸீட்டில் உட்கார்ந்து
காலை நீட்டி, இன்னும் நீட்டி,
"முதுகு பிடிச்சி விடுது, வந்து பாருங்க!" என்று கூவினாள்.
பிள்ளைகள் உள்வெளிச்சத்தை ஊதாவாக்கி, பச்சையாக்கி,
கந்தூரி ஆக்கினார்கள்.
முன் ஸீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
அது நன்றாகத்தான் இருக்கிறது,
அளவு பழைய அளவு.

எல்லாரும் உள்ளே போனபின்
வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன்.
எங்கே துரு பிடிக்கும்?
அதுதான் என் முதல் பார்வை.
கதவின் கீழே தண்ணீர் வடியும் துளை,
சக்கர வளைவில் மூன்றாவது போல்ட்.
எங்கோ குளிர் நாட்டில் பெயின்ட் அடித்தவனுக்கு
எங்கள் வாடைக்காற்றைத் தெரியாது.
ஒரு ராத்திரிதான் வெளியே நின்றது.
காலையில் பானெட்டை விரலால் தொட்டு
நாக்கில் வைத்தேன்.
கரித்தது.

மூன்றாம் நாள், இராமேஸ்வரத்திலிருந்து திரும்புகையில்
மணி ஒன்றரை.
பாம்பன் பாலத்தில் காற்று தோளைப் பிடித்துத் தள்ள
பழையது கொஞ்சம் ஆடும், நானும் ஆடுவேன்.
இது ஆடவில்லை.
பின்னால் நாலு பேரும் வாய் திறந்து தூக்கம்.
பாலம் இறங்கும்போது
திரையில் ஒரு கோப்பை தோன்றியது,
ஆவி பறக்கிற கோப்பை.
களைத்திருக்கிறீர்கள், நிறுத்தி இளைப்பாறுங்கள் என்று
இங்கிலீஷில் இரண்டு வரி.

எட்டு வருஷத்தில்
அந்தப் பின் ஸீட்டிலிருந்து வராத வார்த்தை.

மண்டபத்தில் நிறுத்தினேன்.
டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து
வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.
"மைலேஜ் என்ன தருது?"
தெரியல.
"வெல?"
எனக்குச் சொல்லல.
கிளாஸை பானெட்டில் வைக்கப் போனேன், சரிவு, நிற்கவில்லை.
கையிலேயே வைத்துக் குடித்தேன்.

டீ பன்னிரண்டு ரூபாய்.
டைரியில் எழுதும்போது யோசித்தேன்:
வண்டி சொல்லித்தானே குடித்தேன்,
இது டீசல் கணக்கில் வருமா,
என் கணக்கிலா?